கோச் மாறினால் கோல் வறளுமா?

காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பரிசல்காரர் வீட்டில் வருமானம் கிடையாது, பேச்சு மட்டும் உண்டு. அப்படி ஓர் ஆடி மாத மாலையில்தான் மகன் சொன்னான்: "ப்பா, நான் டீமை விட்டுடறேன்."

பென்னாகரத்தில் பஸ் மாறி கல்லூரிக்குப் போய்வருகிறவன். கால்பந்து அணியில் ஃபார்வர்டு. முதல் வருஷம் 9 கோல் போட்டான். இரண்டாம் வருஷம் 2, அதிலும் ஒன்று பெனால்டி. அதற்குள் இரண்டு கோச் போய், மூன்றாமவர் வந்துவிட்டார். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஒரு வழி பிறக்கும் என்று வீடே காத்திருந்தது.

"எல்லாம் கோச் மாத்தினதாலதான்" என்றவன், செல்போனில் சென்னையின் எஃப்.சி. கதையைக் காட்டினான். அவன் உயிராக நேசிக்கும் அணி அது. 2018-ல் ஜான் கிரிகோரி பயிற்சியில் ஐ.எஸ்.எல். கோப்பை வென்றது. அடுத்த சீசனில் கடைசி இடம். 2019 நவம்பரில் அவர் விலகியபோது, 6 ஆட்டங்களில் 4 கோல்தான் விழுந்திருந்தது.

ஆனால் அவன் வாதத்துக்கு இடைஞ்சலான பகுதி அதற்குப் பின்னால்தான் வருகிறது. பாதி சீசனில் வந்த ஓவன் காயில் ஆட்களை மாற்றவில்லை. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்தே என அதே கால்கள். "முன்னால் போங்கள்" என்று அவிழ்த்துவிட்டார். லீக்கில் மிச்சமிருந்த 12 ஆட்டங்களில் 28 கோல்! இறுதிப்போட்டி வரை போனார்கள். கொரோனா பயத்தில் ஆளில்லாத கோவா மைதானத்தில் 3-1 என ஏ.டி.கே.விடம் தோற்றார்கள்.

அடுத்த சீசனில் காயிலும், 15 கோல் அடித்திருந்த வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். கிரிவெல்லாரோ நடுவில் காயம்பட்டார். புது கோச் லாஸ்லோவின் அணி 20 ஆட்டங்களில் 17 கோல். அதற்கடுத்த சீசனில் பாண்டோவிச் வந்தார், அவரும் நடுவிலேயே போனார். மறுபடியும் அதே 17. பாதியில் திரும்பி வந்த வால்ஸ்கிஸாலும் பழைய கோல் மழையைக் கொண்டுவர முடியவில்லை. பந்தை நீட்டித் தரும் கால்கள் வேறாகிவிட்டன அல்லவா?

தடுப்பாட்டத்தைக் கட்டளை போட்டே ஓரளவுக்குச் சரிசெய்துவிடலாம். இங்கே நில், அவனை விடாதே. கோல் அடிப்பது அப்படி இல்லை. இவன் தலை நிமிர்ந்தால் அவன் ஓட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். தவிர, புது கோச் வந்ததும் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் பின்பக்கமாகவே பாஸ் போடுவார்கள். தப்பு நடக்காது, கோலும் நடக்காது.

அப்பாவுக்குக் கால்பந்து தெரியாது. பரிசலுக்கு அடியில் பூசுவதற்குத் தாரைக் காய்ச்சிக்கொண்டே கேட்டார்: "கோச் மாறினாரு, சரி. உனக்குப் பந்து தர்ற பையனும் மாறிட்டானா கண்ணு?"

மகன் யோசித்தான். முதல் வருஷம் இடதுபக்கம் ஆடிய நண்பனைத்தான் இரண்டாவது கோச் பின்வரிசைக்கு அனுப்பியிருந்தார். அந்த 9 கோலில் 6 அவன் கொடுத்த பந்து. இத்தனை நாள் இதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை அவன் புது கோச்சிடம் போய் நின்றான். தனக்கு இடம் கேட்கவில்லை. "சார், அவனை மறுபடியும் இடதுபக்கம் ஆடவிடுங்க" என்றான்.

"பார்க்கலாம்" என்றார் அவர்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தடை நீங்கியிருந்தது. அப்பா முதல் சவாரி ஏற்றிக்கொண்டிருந்தார். மகன் கரையிலிருந்தே கையை ஆட்டினான். நண்பனுக்குப் போன் போட்டபடி வீட்டுக்கு நடந்தான்.