முதல் வாய்

மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கிறது பேசாலை. திங்கள், புதன், சனி இரவுகளில் இங்கே பலர் நண்டு வலையைக் கடலில் விடத் துணிவதில்லை. இராமேசுவரம் பக்கத்து இழுவைப் படகுகள், இவர்கள் வாயில் 'ரோலர்', எல்லை தாண்டுவது பெரும்பாலும் அந்த இரவுகளில்தான். நண்டு வலை தரையோடு நிற்கும் வலை. மாலையில் விட்டு விடியலில் தூக்குவார்கள். ரோலர் அதன் மேலால் போனால் தூக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் அந்த நாட்களில் வாடிக்குள் வலை பொத்துகிற வேலை நடக்கும். வேலை சலித்தால் சீட்டுக்கட்டு வெளியே வரும்.

நான் போனது வலை பொத்துகிறவர்களைப் பார்க்க. அறுந்த கண்ணியைச் சுற்றிலும் வெட்டிச் சீராக்கி, இடது கை விரலில் கண்ணி அளவு பிடித்து, ஊசியை உள்ளே விட்டு இழுக்கிறார்கள். முடிச்சு விழுவதைக் கண் பார்க்கிறதா என்றால் இல்லை, அது பேச்சுக்குப் பேச்சு திரும்பிக்கொண்டிருக்கிறது. நண்டு கடித்த ஓட்டை ஒரு பீடி நேரத்தில் அடைபடும். ரோலர் கிழித்தால் மேற்கயிறும் ஈயக் கயிறும் சில முழம் கையில் வரும். நடுவில் பொத்துவதற்கு வலையே இருக்காது.

ஆடுவது 304. காசு வைப்பதில்லை, தோற்ற பக்கம் பிளேன்ரீ வாங்க வேண்டும். நான்கு பேர், 32 சீட்டு, எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனமும் சேர்ந்தால் 304. முதலில் நாலு சீட்டுத்தான் கைக்கு வரும். அதை வைத்தே கேட்க வேண்டும், குறைந்தது 160. கேட்டு வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகே மிச்சம் நாலும் வரும். சீட்டுப் போட்டவருக்கு வலப்பக்கம் இருப்பவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்.

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர் கத்தாரில் வேலை செய்துவிட்டு வந்த இளைஞர். அங்கே தொலைபேசியில் போக்கர் பழகியிருக்கிறார். கையில் ஆட்டின் (ஹார்ட்) இனத்து ஒன்பதும் ஆசும், கூடவே இரண்டு குப்பை. 160 கேட்டார். மற்றவர்கள் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். அதிலேயே பாதி விளங்கியிருக்க வேண்டும். ஆட்டின் ஜாக் எதிர்க்கையிலிருந்து இறங்கி ஒன்பதை வாரிக்கொண்டு போனது.

"ஜாக் இல்லாமல் முதல் வாயில கேக்கிறதோடா?" என்றார் கூட்டாளியாக இருந்த சித்தப்பா.

"போக்கரில சின்னச் சோடியை முதல் ஆளா இருந்து விளையாடுறது மாதிரித்தான் சித்தப்பா. பிறகு வரும்தானே."

கணக்கில் அவர் சொன்னது சரி. கையில் நாலு போக மிச்சம் 28. அதில் நாலு தனக்கு வரும். ஜாக் வந்து சேர ஏழில் ஒரு வாய்ப்பு. எதிராளிகள் இருவரில் ஒருவரிடம் போக ஏழில் நாலு. போக்கரில் இரண்டிலிருந்து ஆறு வரை ஒரு சோடி கிடைத்தால், மேசையில் விரியும் முதல் மூன்று சீட்டில் அதே எண்ணின் மூன்றாவது சீட்டு வர எட்டரைக்கு ஒன்று, ஏறத்தாழ 11.8 சதவீதம். ஆனால் அங்கே வரவில்லையென்றால் போட்ட சிறு காசோடு எழுந்துவிடலாம். நுழைகிற விலை மலிவாகவும் எதிராளியிடம் பணம் நிறையவும் இருந்தால்தான் அந்தச் சோடிக்கு மதிப்பு. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுகிறவனுக்குப் பின்னால் எட்டுப் பேர். அதில் ஒருவர் விலையை ஏற்றினாலும் மலிவு போய்விடும். 304இலோ கேட்டபின் எழும்ப வழியே இல்லை.

எழும்ப முடியாத கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1905இல் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு அள்ளிக் கொடுத்தது. அதைப் பார்த்து 1906இல் ஒரு லண்டன் கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக்கு முத்துச் சிப்பிப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. தவணை முடியுமுன்பே கம்பெனி மூடப்பட்டது.

சித்தப்பா சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: "கடல்லயும் நாங்கள்தான் முதல் வாய், தம்பி. பொழுதுபட முந்தி வலையை விட்டுட்டு வாறம். பெரிய கைக்காரன் இருட்டினாப் பிறகுதான் வருவான்." இதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்சினையை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு 1974இல் போடப்பட்டது. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டில், பாக்கு விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டில் ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை இந்தியா தொடங்கியது. அந்த 2,000 இன்னும் எட்டப்படவில்லை. தமிழ்நாட்டு வாசகர்கள் தங்கள் அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: அந்தத் திட்டம் எப்போது முடியும்?