பேட்டரியையும் கொஞ்சம் நினை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் எதைச் சொன்னாலும் "சரிண்ணா, சரிண்ணா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைப்பாக்கத்தில் உன் ரூம்காரர் தன் பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையரை உன் காருக்குக் குறைந்த விலைக்குத் தருவதாகவும், அதில்தான் பாட்டு இனிமை என்று சொல்வதாகவும் சொன்னாய். ஒரு காலத்தில் அது உண்மை. அப்பாவின் மைக் செட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சத்தம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் நான் வாங்கச் சொல்கிற கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1964-லேயே இங்கிலாந்தில் சின்க்ளேர் என்பவர் விற்றார். அதற்கு வேண்டிய ஆன்-ஆஃப் வேகம் அன்றைய டிரான்சிஸ்டருக்கு வரவில்லை. பிறகும் வெகுகாலம் காரில் சப்வூஃபருக்குத்தான் அதைப் போட்டார்கள். இன்றைக்கு நொடிக்குப் பல லட்சம் முறை ஆன்-ஆஃப் ஆகிற டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. நல்ல டி-யில் வயலின்கூடச் சுத்தமாகக் கேட்கிறது.

என் கவலை உன் சின்னக் காரின் பேட்டரி. ஏபி-யில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையிலேயே வேலை செய்வதால் கரண்ட்டில் கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். 4 ஸ்பீக்கருக்குத் தலா 50 வாட் என்று வை. முழுச் சத்தத்தில் ஏபி சுமார் 25 ஆம்பியர் இழுக்கும்; டி-க்கு 16 போதும். நீயோ ஷிஃப்ட் முடிந்ததும் என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிறவன். மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வாய்? கம்பெனி வாசலில் நாளெல்லாம் வெயிலில் காய்ந்த கார், சீட்டுக்கு அடியில் மாட்டுகிற ஆம்ப்ளிஃபையரின் சூடு வேறு.

வயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வைத்து விற்கிறார்கள். முழுச் செம்பாகக் கேட்டு வாங்கு. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். அது இல்லாமல் வயர் எங்காவது உரசினால் தீப்பிடிக்கும்டா. மலிவான டி சில நேரம் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். மாட்டியதும் எஃப்எம் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடு.

இன்னொன்று. பிரஸ் ஷாப்பில் 8 மணி நேரம் நிற்கிற காது அது. 85 டெசிபலுக்கு மேல் 3 டெசிபல் ஏறினாலே, காது தாங்கும் நேரம் பாதியாகிவிடும் என்கிறார்கள். வேலைக்குக் காதடைப்பான் போடுகிறாயா இல்லையா? அம்மா கேட்கச் சொன்னாள்.

கிளாஸ் டி-யே வாங்கு. ரூம்காரரிடம் வேண்டாம் என்று நாளைக்கே பக்குவமாகச் சொல்லிவிடு. பணம் குறைந்தால் கூச்சப்படாமல் என்னிடம் கேள்.

அன்புடன்,
அண்ணன்