மறைந்து நிற்கும் சுழியங்கள்

தமிழ் கற்பிப்போர்க்குக் கணினி வழங்கிகளோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவுவதுண்டு. பழஞ்சிற்றிதழ்களை ஒளிவருடி நாம் சேர்த்துவைத்த பக்கங்கள் வெளியூரில், ஆளில்லா அறையில் இயங்கும் ஒரு வழங்கியில் உள்ளன. அவற்றுள் சிலவற்றின் மூலத்தாள்கள் பொடிந்துபோயின. உறவு அங்கே தொடங்கிற்று.

உறைந்துபோன வழங்கியோடு தொலைவிலிருந்து பேசுவது எவ்வாறு? அதன் தாய்ப்பலகையிலேயே இன்னொரு சிறு கணினி குடியிருக்கிறது. இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நிறுவனங்கள் 1998இல் வகுத்த ஐபிஎம்ஐ நெறிமுறை இதற்கு வழி செய்தது. மின்வடம் செருகியிருக்கும்வரை, பெரிய கணினி அணைந்தாலும் இச்சிறு கணினி விழித்திருக்கும். வெப்பத்தை அளக்கும், மின்சாரத்தை நிறுத்தித் திரும்ப வழங்கும். பல பொறிகளில் திரையையும் விசைப்பலகையையும்கூட நம் மேசைக்குக் கொணரும். சென்ற ஐப்பசியில் ஓரிரவு வழங்கி உறைந்தபோது, வீட்டிலிருந்தபடியே அதனை மீட்டெடுத்தோம்.

இச்சிறு கணினிக்கும் தனி முகவரி வேண்டும். 1981இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறை 32 இருமங்களால் ஆனது. அது தரக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அவற்றின் நடுவண் இருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. பலர் ஒரே முகவரியைப் பகிரும் ஏற்பாட்டில் உள்ளிருந்து வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து உள்ளே அழைப்பது அரிது. 1998 டிசம்பரில் வரைவாக வந்து, 2017 ஜூலையில் முழுத் தரமான ஆறாம் பதிப்பில் 128 இருமங்கள். பதினாறன் எண்முறையில் நந்நான்கு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள், இடையே முக்காற்புள்ளி.

நம்மை ஈர்த்தது அதன் சுருக்கவிதி. அடுத்தடுத்து வரும் சுழியத் தொகுதிகளை மறைத்து இரட்டை முக்காற்புள்ளி இடலாம். ஆனால் ஒரு முகவரியில் ஒரே முறைதான். ::1 என்றால் ஏழு தொகுதிகள் மறைந்துள்ளன. கணினி தன்னைத்தானே சுட்டும் முகவரி அது. நம் இலக்கணத்தில் தன்மை இடம் போல.

உருபு மறைவதை நாம் தொகை என்போம். 'சொல்லிலக்கணம்' என்பதைச் சொல்லினது இலக்கணம் என்றும் விரிக்கலாம், சொல்லுக்கு இலக்கணம் என்றும் விரிக்கலாம். இடம் நோக்கிப் பொருள் கொள்வோம். கணினிக்கு அவ்வாறு இடம் நோக்கத் தெரியாது. மொத்தம் எட்டு என்பதால் ஓரிடத்து மறைவை எண்ணிக் காணலாம். ஈரிடத்தில் மறைந்தால் எங்கே எத்தனை என்று அறிய வழியில்லை. ஆகவே விதி முன்னதாகவே ஐயத்தைத் தடுக்கிறது.

முகவரி பெருகியதனால் மட்டும் கவலை தீர்வதில்லை. உறங்காத சிறு கணினியைக் கைப்பற்றியவன் வழங்கி முழுவதையும் கைப்பற்றியவனாவான். ஐபிஎம்ஐயின் இவ்விடரைப் பற்றி 2013 ஜூலையில் அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு எச்சரித்தது. எனவே அதனைப் பொதுவெளியில் வையாது, தனி வலையமைப்பில், மறையாக்கச் சுரங்கவழிக்குப் பின்னால் வைத்துள்ளோம். முகவரி இருப்பது அழைக்க. வாயில் திறப்பது ஆளறிந்த பின்பே.