வர்க்கமும் கொழுந்துக்கூடையும்

குமாரி ஜயவர்த்தனவும் ரேச்சல் குரியனும் சேர்ந்து எழுதிய, இலங்கைத் தோட்டங்களில் வர்க்கம், ஆணாதிக்கம், இனம் பற்றிய நூல் 2015ல் வெளிவந்தது. ஜயவர்த்தன கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவர். அந்நூலைச் சோலூரில் வைத்துப் படிக்கிறபோது சில கேள்விகள் எழுகின்றன.

அவர்கள் வாதம் இது: தோட்டத்துப் பெண்ணை வர்க்கம் ஒரு பக்கமும் ஆணாதிக்கம் இன்னொரு பக்கமுமாகத் தனித்தனியே நசுக்கவில்லை. துரை, கங்காணி, சாதி, புருஷன் எல்லாம் ஒரே ஏணியின் படிகள். கொழுந்து பறித்தவள் அவள். சம்பளத்தைப் பலசமயம் வாங்கியவன் வீட்டு ஆண். சமகூலி அங்கே 1984ல்தான் வந்தது. சங்கத் தலைமையும் ஆண்களிடமே. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் கம்பெனியோடு சங்கத் தலைவர்களையும் எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தது இந்த வாதத்துக்கு நம் பக்கத்துச் சாட்சி.

ஆனால் இந்த வாதம் செக்ரோலை நம்பி நிற்கிறது. அதில் அவளுக்குப் பெயர் உண்டு, கூலி உண்டு. ஆகவே சுரண்டலைக் கணக்கிட முடிகிறது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களில் செக்ரோல் கிடையாது. அப்பாவின் தோட்டத்தில் அம்மாவும் கூலிக்கு வந்தவளும் ஒரே நிரையில் பறிக்கிறார்கள். கூலிக்காரிக்குக் கூலி கிடைக்கிறது. அம்மாவுக்கு எதுவும் இல்லை. இலைப் பணம் அப்பாவின் கணக்கில் ஏறுகிறது. பட்டாவும் அவர் பெயரில். வங்கிப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதுகிறவன் நான்.

இதில் கண்ணீர் விட ஒன்றுமில்லை. கூலி பத்து ரூபாய் உயர்த்தக் கேட்டால் முதலில் மறுப்பவளும் அம்மாதான். தனக்குச் சொந்தமில்லாத நிலத்துக்காக அவள் வாதாடுகிறாள். அவளுடைய வர்க்கம் இரவல் வாங்கியது. ஆனால் அதன் அதிகாரம் நிஜமானது. மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது. பட்டாக்களைப் பார்க்கிற எனக்கு, அது எங்கள் மேடு ஏறி வந்ததாகத் தெரியவில்லை.

'முதலில் வர்க்கம், பிறகு பெண்' என்கிற நண்பர்கள், அம்மாவின் வர்க்கம் யாருடையது என்று சொல்ல வேண்டும். 'பெண்கள் எல்லோரும் ஒன்று' என்கிறவர்கள் அந்தப் பத்து ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். ஜயவர்த்தனவின் ஏணியை நான் ஏற்கிறேன். அதில் ஒரே பெண் ஒரு காலால் மிதிபட்டு மறு காலால் மிதிக்கிற படியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.