கடைசி பெஞ்சுக்குத் தாமதமாக ஒரு பதில்



1993ஆம் வருடம். பத்தாம் வகுப்பில் வரலாறு நடத்தும்போது ராணுவ ஆட்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "துப்பாக்கியைக் காட்டிப் பிடிச்ச நாற்காலிய யாராவது திருப்பிக் கொடுத்திருக்காங்களா சார்?" என்று கேட்டான். "அப்படி யாரும் இல்லப்பா, உட்கார்" என்றேன்.

நான் சொன்னது தப்பு. அதற்கு முந்தைய வருடம்தான் ஒருவர் கொடுத்திருந்தார். எனக்கு அது தெரிய வந்தது ஓய்வு பெற்ற பிறகு.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்றொரு நாடு. அங்கே 1968 முதல் மூசா திராவோரே ஆண்டார். அவரும் ராணுவத்தின் பலத்தால் வந்தவர்தான். 1991 மார்ச்சில் தலைநகர் பமாகோவில் மாணவர்களும் பெண்களும் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டதில் பலர் இறந்தார்கள். 26ஆம் தேதி லெப்டினன்ட் கர்னல் அமடூ துமானி தூரே அதிபரைக் கைது செய்து பொறுப்பை ஏற்றார். இந்த தூரே, முதலில் வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டுப் பிறகு ராணுவத்தில் சேர்ந்தவர்!

கட்சிகள், தொழிற்சங்கங்கள், மாணவர்கள் எல்லோரையும் கூட்டித் தேசிய மாநாடு நடத்தினார். புதிய அரசியல் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார். தேர்தல் வைத்தார், தான் நிற்கவில்லை. 1992 ஜூனில், தேர்தலில் வென்ற ஆல்பா ஊமர் கொனாரேயிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு இறங்கினார். பிறகு நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கும் பணியில் ஈடுபட்டார். 2002இல் மக்கள் ஓட்டுப் போட்டு அவரையே அதிபராக்கினார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 2012 மார்ச்சில், அவர் பதவிக்காலம் முடியச் சில வாரங்களே இருந்தபோது, வடக்கே நடந்த கிளர்ச்சியை அவர் சரியாகக் கையாளவில்லை என்று சொல்லிச் சிப்பாய்கள் அவரையே கவிழ்த்தார்கள். செனகல் நாட்டுக்குப் போய் 2017 வரை அங்கேயே இருந்தார். 2020 நவம்பரில் காலமானார். அதே வருடம் ஆகஸ்டில் மாலியில் மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது.

ஒருவர் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. அடுத்து வருகிறவர்களும் கை வைக்காமல் இருக்க வேண்டும். ஆனாலும் அவர் கொடுத்தது கொடுத்ததுதான்.

அன்று "எனக்குத் தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். "இல்லை" என்று அடித்துச் சொல்லி உட்கார வைத்துவிட்டேன். கேட்டவன் இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுதப்பா. உன் கேள்வி சரியான கேள்வி.