மேகம் விட்ட இடைவெளி

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். முதலில் கண்ணாடித் தட்டிலும் பிறகு ஃபிலிமிலும் எடுத்தார்கள். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். அந்தப் பழைய படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. டேட்டாபேஸிலிருந்து ஏதாவது ஒரு பதிவை எடுத்துக் காட்டும் வேலையை இளம் புரோகிராமர்களுக்குச் சொல்லித்தரும்போது நான் கையிலெடுப்பது இந்தத் தொகுப்பைத்தான். பட்டனை அழுத்தினால் நூறாண்டுச் சூரியன்களில் ஒன்று திரையில் வரவேண்டும்.

பலரும் முதலில் எழுதுவது ‘ஆர்டர் பை ரேண்டம், லிமிட் 1’. விடை சரிதான், எல்லாப் படத்துக்கும் சம வாய்ப்பு. ஆனால் ஒரே ஒரு படத்துக்காக டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு ஒப்பிட வேண்டியிருக்கிறது. சில ஆயிரம் வரிகள் என்றால் தாராளமாக இதையே எழுதலாம். லட்சங்களைத் தாண்டி, நூறு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் சர்வர் திணறும்.

அடுத்த யோசனை: ஏதாவது ஒரு தேதியைப் பொறுக்கு, அன்று படம் இல்லையென்றால் அதற்கு அடுத்து இருப்பதை எடு. இண்டெக்ஸ் இருந்தால் நொடியில் வந்துவிடும். பழனி மலையின் மேகம் குறுக்கிடுவது இங்கேதான். வடகிழக்குப் பருவமழையில் கொடைக்கானலில் நாள்கணக்கில் சூரியன் தெரியாது. அந்த நாட்களுக்குப் படமும் இருக்காது. நவம்பர் 3-க்குப் பிறகு 11-ஆம் தேதிதான் வானம் வெளுத்தது என்று வைத்துக்கொள்வோம். 4 முதல் 11 வரை எந்தத் தேதி விழுந்தாலும் வருவது 11-ஆம் தேதிப் படம்தான். பிப்ரவரியில் தினமும் எடுத்த படங்களுக்கு ஆளுக்கொரு வாய்ப்பு, இதற்கு எட்டு. குடவோலையில் ஒருவர் பெயரை மட்டும் எட்டு ஓலையில் எழுதிப் போட்ட மாதிரி. டெலீட் ஆன வரிகள் ஐடி எண்களில் விட்டுச்செல்லும் இடைவெளியும் இதே ஓரவஞ்சனையைச் செய்யும்.

தமிழ் விக்கிப்பீடியாவின் ‘ஏதாவது ஒரு கட்டுரை’ இணைப்பை இயக்கும் மீடியாவிக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறது. அழுத்தும்போது ஓர் எண்ணைப் பொறுக்கி, அதற்கு அடுத்த எண்ணுள்ள பக்கத்தைக் காட்டுகிறது. அந்த எண்களுக்கிடையிலும் இடைவெளி சமமாக இராது. வாசிக்க ஒரு கட்டுரை தர அது போதும். ஆய்வுக்கு மாதிரி எடுக்கப் போதாது.

பழைய தட்டுகள் இனிக் கூடப்போவதில்லை. ஆகவே நான் ஒரு தனி ஃபீல்டில் 1 முதல் கடைசி வரை இடைவெளியே இல்லாத வரிசை எண்ணைப் போட்டு, அதில் ஓர் எண்ணைப் பொறுக்கச் சொல்கிறேன். வேகமும் கிடைக்கும், நியாயமும் கிடைக்கும்.

பத்துப் படம் கேட்டால் பத்து எண்களைத் தனித்தனியாகப் பொறுக்க வேண்டும். ஓரிடத்தில் தொடங்கி அடுத்தடுத்த பத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சூரியனே காட்டிவிடும். சூரியன் சுழல்வதால் ஒரு புள்ளி கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு விளிம்புக்குப் போக ஏறத்தாழ 13 நாட்கள் ஆகும். தொடர்ந்து பத்து நாட்களின் படங்களை வரிசையாக வைத்தால் ஒரே புள்ளிக்கூட்டம் தட்டுக்குத் தட்டு கொஞ்சம் நகர்ந்து நிற்கும். பார்க்க அழகுதான், ஆனால் அது பத்துச் சூரியன் இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்: சம வாய்ப்பு படத்துக்கா, மாதத்துக்கா? படத்துக்கு என்றால் தெளிந்த வானமுள்ள மாதங்கள்தான் அதிகம் வரும். மாதத்துக்கு என்றால் முதலில் மாதத்தைப் பொறுக்கி, பிறகு அதற்குள் படத்தைப் பொறுக்க வேண்டும். இரண்டும் சரியே, எது வேண்டும் என்பது கேட்பவரின் தேவையைப் பொறுத்தது.

இப்படி ஒரு பட்டனை எழுதும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வெளியிடும் முன் லட்சம் முறை ஓட்டி, எந்த மாதத்துப் படம் எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதை டேபிளில் உள்ள மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். நவம்பரின் பங்கு மிகுந்திருந்தால் குவெரியைத் திருத்தி எழுதுங்கள்.