குளூட்டன் இல்லாத சாப்பாடும் தர்மபுரிக் களியும்

பெரிய ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்டு பிஸ்கட், பிரெட், நூடுல்ஸ், கேக் மாவு என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். சாதா பிஸ்கட் பாக்கெட்டைவிடப் பல மடங்கு!

அதே நேரத்தில் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஏதோ ஒரு வீட்டில், கொதிக்கிற பானையில் ராகி மாவைக் கொட்டிக் களி கிண்டிக்கொண்டிருப்பார்கள். அதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் அதற்கு அப்படி ஒரு பெயரை யாரும் வைக்கவில்லை. "ஏழைங்க சாப்பாடு" என்றுதான் பெயர் வைத்தார்கள். என்ன கொடுமை சார் இது!

சரி, இந்தக் குளூட்டன் என்றால் என்ன?

கோதுமையில் இருக்கிற ஒரு புரதம். பார்லியிலும், ரை என்கிற தானியத்திலும் இதே வகைப் புரதம் உண்டு. பரோட்டா மாவை இழுத்து வீசினாலும் கிழியாமல் விரிகிறதே, அது குளூட்டன் செய்யும் வேலை. ராகி மாவில் அது இல்லை. அதனால்தான் ராகி மாவைச் சப்பாத்தி மாதிரி தேய்த்தால் ஓரமெல்லாம் பிய்ந்து போகிறது.

பெரும்பாலானவர்களுக்குக் குளூட்டனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் சீலியாக் என்கிற நோய் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால், அவர்களுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குழந்தை என்றால் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எடை ஏறாமல் இருப்பது, வளர்ச்சி நின்றுபோவது என்று வரிசையாக வரும். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுக்க ஒதுக்குவதுதான் வைத்தியம்.

சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தியவர் டிக்கே என்ற நெதர்லாந்து குழந்தை மருத்துவர். அவருக்கு முன்பே கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். 1950-ல் தன் ஆய்வேட்டில் இதையெல்லாம் எழுதினார்.

இந்தியாவில் வடக்கில்தான் இது அதிகம். 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ஹரியானா, அசாம், வேலூர் பக்கத்து மக்களை ஒப்பிட்டுப் பார்த்தது. ஆயிரம் பேரில் வடக்கே 8 பேருக்கு மேல் சீலியாக் இருந்தது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. கோதுமை சாப்பிடும் அளவும் அதே மாதிரிதான்: வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம்.

கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரிதான நோய் என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது. வந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. "பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான், பூச்சி மருந்து கொடு" என்று வருஷக்கணக்கில் போய்விடலாம். கடைசியில் கண்டுபிடித்துக் "கோதுமை தொடாதே" என்று சொன்னவுடன் வீட்டுக்காரர்கள் தேடி ஓடுவது அந்த விலை உயர்ந்த பாக்கெட்டுகளைத்தான். பக்கத்துத் தோட்டத்தில் விளைவது கண்ணில் படாது.

தர்மபுரி மாவட்டத்தில் என்ன விளைகிறது? ராகி, சாமை, கொள்ளு, அவரை, நிலக்கடலை, மரவள்ளி, புளி, மாங்காய், பாலக்கோடு தக்காளி. இதில் ஒன்றில்கூடக் குளூட்டன் இல்லை. சித்தேரி மலைப்பக்கம் சாமை காலம் காலமாக இருக்கிற பயிர். பழைய தர்மபுரி மாவட்டத்தில் இருந்து, 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தபோது அந்தப் பக்கம் போன பையூர் ஆராய்ச்சி நிலையம், ராகி, சாமை, கொள்ளு மூன்றிலும் புது ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பயிர்கள் இவை.

இப்போது ஒரு கணக்கு. நாலு பேர் இருக்கிற ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குழந்தைக்குச் சீலியாக். குழந்தைக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அம்மாவுக்கு இரட்டை வேலை, குழந்தைக்கும் ஏக்கம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்றால் இரண்டு பிரச்சினையும் இல்லை.

ராத்திரிக்குக் களி. நாலு பேருக்கு 400 கிராம் ராகி மாவு போதும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு ராகிக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்தக் கணக்கில் 400 கிராம் ராகி 20 ரூபாய்க்குள் வந்துவிடும். கடையில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும், அரைக்கிற கூலியும் உண்டு. கூடப் போடுகிற ஒரு கைப்பிடி அரிசி ரேஷனில் இலவசம். ஒரு கட்டுக் கீரை, இரண்டு தக்காளி, நாலு பச்சை மிளகாய், பூண்டு. அவ்வளவுதான் செலவு. ஒரு "குளூட்டன் ஃப்ரீ" பிஸ்கட் பாக்கெட் வாங்குகிற காசில் வீடே சாப்பிட்டுவிடலாம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அதே 2025-26-ல் கோதுமைக்கு ஆதரவு விலை 2,425 ரூபாய்தான். ஏழைங்க சாப்பாடு என்று ஒதுக்கின தானியத்துக்கு கோதுமையைப்போல இரண்டு மடங்கு விலை!

செய்முறை தெரியாதவர்களுக்கு:

களி: 4, 5 டம்ளர் தண்ணீரில் ஒரு கைப்பிடி நொய்யரிசியும் உப்பும் போட்டுக் கொதிக்க விடவும். அரிசி குழைந்ததும் 2 டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டவும். உடனே கிண்டக் கூடாது. கட்டையால் நடுவில் ஒரு குழி போட்டு, தீயைக் குறைத்து, மூடி 10 நிமிஷம் விடவும். பிறகு இறக்கி, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு கட்டி விழாமல் கிண்டவும். கையை நனைத்துக்கொண்டு உருண்டை பிடிக்கவும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்து அடுப்பில் கீரையை வேகவைத்துக் கடைந்தால் குழம்பும் தயார். அவரைக்கொட்டைக் குழம்போ கருவாட்டுக் குழம்போ கிடைத்தால் இன்னும் விசேஷம்.

மறுநாள் காலை: மிஞ்சின களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்தால் கூழ். சின்ன வெங்காயம், மோர் மிளகாய். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம்.

சாமைச் சோறு: ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டு, இரண்டரை டம்ளர் தண்ணீர். அரிசி வேகும் நேரம்கூட ஆகாது. எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்துவிட்டால் ஸ்கூலுக்குக் கட்டிக் கொடுக்கலாம். ராத்திரியே ஊறவைத்த கொள்ளைக் குக்கரில் வேகவைத்துக் கடைந்தால் வீட்டுக்குக் குழம்பு. வடித்த தண்ணீரில் ரசம்.

ராகி அடை: மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம், உப்பு போட்டு, வெந்நீர் விட்டுப் பிசையவும். ஒட்டும் தன்மை இல்லாத மாவு என்பதால் வெந்நீர்தான் கைகொடுக்கும். வாழை இலையில் தட்டிக் கல்லில் போடவும்.

மரவள்ளிக்கிழங்கு: தோல் சீவி, நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடவும். அரைவேக்காடு கூடாது. கடலைச் சட்னி போதும்.

இதில் ராகிக்கு ஒரு கூடுதல் பெருமை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் சுமார் 10 தான். குடல் புண்ணாகிக் கால்சியம் சரியாக ஏறாமல் இருந்த குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முடியவில்லை. கோதுமை திருட்டுத்தனமாக நுழைகிற வழிகள் நிறைய.

முதல் திருடன் பெருங்காயம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். சாம்பார், ரசம், மோர் என்று எல்லாவற்றிலும் அது விழுகிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் உண்டு, தேடி வாங்க வேண்டும். இல்லையென்றால் பூண்டும் சீரகமும் போதும்.

இரண்டாவது, "ராகி" என்று பெயர் போட்ட பாக்கெட்டுகள். ராகி பிஸ்கட், ராகி சேமியா என்று முன்னால் பெரிதாக இருக்கும். பின்னால் திருப்பிப் பார்த்தால் மைதாவோ கோதுமையோ இருக்கும் (சில சமயம் ராகியைவிட அதிகமாகவே!). சத்து மாவிலும் கோதுமை சேர்ப்பது வழக்கம். பாலில் கலக்கிற மால்ட் பவுடர்கள் பெரும்பாலும் பார்லியில் செய்தவை. இந்தியாவில் ஒரு பொருளைக் குளூட்டன் இல்லாதது என்று விற்க வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எவ்வளவு சின்ன அளவு என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. மாவு மில். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன மிஷினில் அடுத்து ராகியைக் கொட்டினால், முதலில் வருவது அவருடைய கோதுமை. ராகி சுத்தம், வீடு சுத்தம், அம்மா கவனம் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வீண். கொஞ்சம் அரிசியை முதலில் ஓட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டுப் பிறகு ராகி அரைக்கலாம் என்பார்கள். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. கழுவிக் காயவைத்த ராகியை வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலிப்பதுதான் நம்பகமானது. அல்லது மில்லுக்கே போகாத சோறு: சாமை, அரிசி. எதுவானாலும் சமைப்பதற்கு முன் கல் பொறுக்குகிற மாதிரி வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் தமிழக அரசு நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் தானியம் கொடுத்தால் மட்டும் போதாது என்பது மேலே சொன்ன மில் கதையிலேயே தெரியும். ஒரு தாலுகாவுக்கு ஒரு மில், சிறுதானியம் மட்டும் அரைக்கிற மில், சுய உதவிக் குழுக்கள் நடத்தினால் எப்படி இருக்கும்? சர்க்கரை நோய்க்காக ராகி சாப்பிடுகிறவர்களும் வருவார்கள், மிஷின் சும்மா நிற்காது. பிசினஸாகப் பார்த்தாலும் ஓடும் போலத்தான் இருக்கிறது :-)

கடைசியாக, சமையலறைக்கு வெளியே ஒரு விஷயம். இப்படிப்பட்ட குழந்தை கல்யாண வீட்டுக்குப் போகும், ஹாஸ்டலுக்குப் போகும், நண்பன் பிறந்தநாளுக்குப் போகும். "எனக்குக் கேக் வேண்டாம்" என்று சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள்: "கொஞ்சூண்டு சாப்பிடு, ஒண்ணும் ஆகாது." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஆகும். வெளியே தெரியாமல் உள்ளே குடல் மறுபடி புண்ணாகும். வற்புறுத்தாமல் ஒரு வாழைப்பழம் கொடுங்கள், இல்லை ஒரு கடலை உருண்டை. வீட்டுக்குச் சாப்பிட வந்தால் பெருங்காய டப்பாவைத் திருப்பிக் காட்டுங்கள். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படும். நீங்களே முந்திக்கொண்டு காட்டினால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகும்.

பி.கு.: இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து யாரும் கோதுமையை நிறுத்திவிட வேண்டாம்! சந்தேகம் இருந்தால் முதலில் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனையில் உண்மை தெரியும். முன்னாலேயே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். களி மட்டும் டாக்டரைக் கேட்காமலே இன்று ராத்திரி கிண்டலாம்.